இந்தா வந்திட்டன் சொல்லாத அக்கா

எங்கள் வன்னிப் பக்கத்தில் ஒருவர் ரெலிபோனில் ‘இந்தா வந்திட்டன்’ என்று சொன்னால் அவர் இன்னும் குளிக்கவில்லை என்று அர்த்தம். ‘சந்தியில நிக்கிறன்’ என்றால் குளித்துவிட்டார், சாப்பிட வேண்டும். ‘கேற்றடிக்கு வந்திட்டன்’ என்றால் மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடுகிறார். கேட்கிறவருக்கும் இது தெரியும். ஆகையால் யாரும் யாரையும் பொய்யர் என்று ஏசுவதில்லை. காத்திருக்கிறவருடைய மனம் நோகக்கூடாது என்று சொல்கிற மரியாதை இது என்றுதான் நானும் முப்பது வயது வரை நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையைக் கெடுத்தவர் நெளுக்குளத்தில் இருந்த ஒரு அக்கா.

நான் அப்போது கம்பெனி ஒன்றுக்கு ரெலிபோன், இன்ரநெற் லைன் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு ஏணி, ஒரு வயர்ச்சுருள், பழைய மோட்டார் சைக்கிள், பிந்திப் போனால் சொல்லக் கை நிறையச் சாட்டுகள். இவ்வளவும்தான் என் முதல். அக்காவின் முறைப்பாடு முதல் தடவை வந்தபோது ஒபிசில் வேலையை விட்டுவிட்டு எல்லோரும் கேட்டார்கள். “என்ர வீட்டுக்கு வாற வயர் வேப்பங்கொப்பில முட்டுற இடத்தில அணில் கடிச்சிருக்கு. ஏணி நீளமானதாக் கொண்டு வாங்கோ. கீழ மண் இளகல், ஏணிக்கு அடியில வைக்க ஒரு பலகையும் வேணும்.” அரசாங்கக் கச்சேரியில் பெரிய கிளாக்கர் கதைக்கிற குரல். போய்ச் சேர்ந்தால் ஒரு பெரிய மனிசி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நிற்பா என்று பயந்துகொண்டுதான் போனேன்.

கதவைப் பாதி திறந்தது நாற்பது வயது மதிக்கத்தக்க மெலிந்த ஒரு பெண். என் சப்பாத்தைப் பார்த்து, “அங்க” என்று மரத்தைக் காட்டினார். அவ்வளவுதான். நான் கேட்டேன், “ரெலிபோனில கதைச்ச அம்மா வீட்டில இல்லையோ?”

“நான்தான்” என்று நிலத்துக்குச் சொன்னார்.

ஆனால் அணில் கடித்த இடம் அவர் சொன்ன இடம்தான். பலகையும் தேவைப்பட்டது. நான் அதைக் கொண்டுபோயிருக்கவில்லை.

அவருடைய வேலை இங்கிலாந்தில் ஒரு சின்ன நகரத்து டாக்சிக் கம்பெனிக்கு. முதலாளி யாழ்ப்பாணத்து ஆள். அந்த ஊர்ச் சனம் டாக்சிக்கு எடுக்கிற அழைப்பு நெளுக்குளத்தில் வேப்பமரத்தோடு இருந்த ஒரு அறையில் வந்து அடிக்கும். அக்கா ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, எங்கே நிற்கிறீர்கள், எங்கே போக வேண்டும் என்று இங்கிலீசில் கேட்டு, கிட்ட நிற்கிற டாக்சியை அனுப்புவார். ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் எங்கட பெடியங்கள். அங்கே விடிந்து ஆட்கள் வெளிக்கிடும் நேரம் இங்கே மத்தியானம். அதற்கு முன்னர் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் பொழுதுபட்ட பிறகுதான் எழும்புவார். இப்படி எட்டு வருடம். தகப்பன் இருந்தவரை பின்னேரத்தில் ஒரு தேத்தண்ணியாவது மேசைக்கு வரும். தகப்பன் மோசம்போன பிறகு அதுவும் இல்லை. தம்பி ஒருவர் பிரான்சில். கலியாணம் சரிவரவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை.

அந்த ஊரை அக்கா ஒரு நாளும் கண்டதில்லை. ஆனால் எந்த ஏற்றத்தில் பனி விழுந்தால் கார் வழுக்கும், எந்தக் கடைக்கு முன்னால் நிறுத்தினால் தண்டம் எழுதுவார்கள், எந்தத் தாத்தாவுக்கு முழங்கால் ஏலாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒருமுறை அந்த ஊர்க் கிழவி ஒருத்தி பேக்கரி மூலையில் நிற்கிறேன் என்றாளாம். ஓட்டுகிற பெடியன் தெருவை மூன்று தரம் சுற்றிவிட்டு, “இஞ்ச ஒரு பேக்கரியும் இல்லை அக்கா” என்றானாம். கொம்பியூட்டரிலும் பேக்கரி இல்லை. அக்காவுக்கு உடனே விளங்கிவிட்டது. நாங்களும் இப்படித்தானே. முந்திப் பள்ளிக்கூடம் இருந்த வளவு, விழுந்த தண்ணீர்த்தாங்கியடி, பெற்றோல் செட் இருந்த சந்தி என்று இல்லாததை வைத்துத்தானே வன்னியில் இருக்கிற இடத்தைச் சொல்கிறோம். “தம்பி, வயசான ஒரு ஆளைப் பிடிச்சு, முந்தி இஞ்ச பேக்கரி எங்க இருந்தது எண்டு கேளும்” என்றாராம். கேட்டான். அது இப்போது கண்ணாடிக் கடை. கிழவி அதற்கு முன்னால் நின்றாள். இதைச் சொன்னபோதுதான் அவர் சிரித்து முதன்முதலாகக் கண்டேன்.

அவருடைய குணம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: காத்து நிற்கிற மனிதருக்கு அவர் பொய் சொல்ல மாட்டார். “இருபது நிமிசம் எண்டால் இருபது எண்டு சொல்லிப்போட வேணும் தம்பி. அந்த இருபது நிமிசமும் அவையின்ர. கதிரையில இருக்கிறதோ, தேத்தண்ணி குடிக்கிறதோ, அவை பாத்துக்கொள்ளுவினம். இந்தா வருது எண்டு சொன்னா வாசல்ல நிண்டு விறைச்சுப்போவினம்.”

இது தெரியாமல் நான் ஒரு நாள் மாட்டிக்கொண்டேன். லைன் விழுந்துவிட்டது என்று கைத்தொலைபேசியில் எடுத்தார். நான் பூவரசங்குளத்தில் எங்கள் வீட்டுக் குசினிப் படியில் காலை நீட்டிக்கொண்டு புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். “இந்தா வந்திட்டன் அக்கா, நெளுக்குளம் சந்தியில நிக்கிறன்” என்றேன்.

“தம்பி, பின்னால கோழி கேக்குது. சந்தியில கோழி இல்லை.”

நான் வாயில் இருந்த புட்டை அவசரமாக விழுங்கினேன்.

“சாப்பிட்டு முடியுங்கோ. அங்க இருந்து இஞ்ச வர எவ்வளவு நேரம் எடுக்கும்?”

“ஒரு முக்கால் மணித்தியாலம் அக்கா.”

“நல்லது. நான் அந்த முதலாளிக்கு அப்பிடியே சொல்லிப்போடுறன்.”

ஏசவில்லை. ஏசியிருந்தால் மறந்திருப்பேன். நல்லது என்று சொன்னதுதான் சுட்டது. என் அம்மா பக்கத்திலிருந்து சிரித்துவிட்டு, “பொய் சொல்றதுக்கு முன்ன கோழிய வெரட்டணும்டா” என்றார். அம்மாவும் அப்பாவும் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து பூவரசங்குளத்தில் காடு வெட்டிக் குடியேறினவர்கள். அம்மாவின் பேச்சு இன்னும் மலையை விட்டு இறங்கவில்லை. நாங்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று தெரிந்தால் சில வீடுகளில் எனக்குத் தேத்தண்ணி கேற்றடிக்குத்தான் வரும். அக்கா முதல் நாளே விறாந்தையில் கதிரை இழுத்துப்போட்டுத் தான் குடிக்கிற கோப்பை மாதிரியே ஒரு கோப்பையில் தந்தவர். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

முகம்தான் அவருக்குக் கஷ்டம். நான் ஏணியில் நிற்கும்போது வீட்டுக்குள் இருந்து என் கைத்தொலைபேசிக்கு எடுத்து, சிக்னல் எவ்வளவு, எந்தப் பெட்டியில் எறும்பு என்று மணிமணியாகக் கதைப்பார். இறங்கி வந்து முன்னால் நின்றால் ஓம், இல்லை, அங்க. இதோடு சரி. கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். முக்கியமாக ஏதும் கேட்க வேண்டுமென்றால் கேற்றுக்கு வெளியே போய் நின்று அவருக்குக் கோல் எடுப்பேன். பத்து அடி தூரத்தில் இருந்து இரண்டு பேரும் ரெலிபோனில் கதைப்போம். தெருவால் போனவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

ஒரு தைப்பொங்கல் முடிந்த கிழமை அவரிடமிருந்து முறைப்பாடு வந்தது. லைன் முழுதாக இல்லை என்றார். வேறு இரண்டு வீட்டு வேலையை ஒதுக்கிவிட்டு, வெயிலில் ஓடிப்போய் மரத்தில் ஏறி, பெட்டியைத் திறந்து, இறங்கி வந்து றூட்டரையும் பார்த்தேன். எல்லாம் பச்சை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“லைன் கல்லு மாதிரி இருக்கு அக்கா. என்னத்துக்குக் கூப்பிட்டனீங்கள்?”

மேசையில் இரண்டு கோப்பை தேத்தண்ணி ஏற்கெனவே ஊற்றி வைத்திருந்தது. ஒரு தட்டில் சக்கரைப் பொங்கல், எங்கள் பேச்சில் புக்கை. அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“பொய் சொல்லிப்போட்டன் தம்பி. பொங்கலண்டும் அங்க வேலை. பொங்கிப்போட்டுக் கொஞ்சத்தை அடுத்த வீட்டு மதிலுக்கு மேலால குடுத்திட்டு வந்து இருந்தனான். ஒரு கிழமையா ஒருத்தரையும் முகம் பாத்துக் கதைக்கேல்லை. நேற்று அங்க டாக்சி ஓடுற ஒரு பெடியன் றோட்டில நிண்டு, அக்கா சாப்பிட்டியளோ எண்டு கேட்டான். எனக்கு அழுகை வந்திட்டுது. லைன் வெட்டுது எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டன்.”

ஒருவருக்கும் பொய் சொல்லாத மனிசி இரண்டு நாளில் இரண்டு பொய் சொல்லியிருந்தார். புக்கையைச் சாப்பிட்டேன். முந்திரிகை வற்றல் அதிகம், சக்கரை குறைவு. அதைச் சொன்னேன். “அடுத்த வருசம் கூடப் போடுறன்” என்றார். பிறகு அவராகவே, “அடுத்த வருசமும் நான் இந்த அறைக்குள்ளதான் இருப்பனோ எண்டு பயமா இருக்கு” என்றார்.

எங்கள் பக்கத்துப் பஸ் ஸ்ராண்ட் ஒன்றில் ரைம்கீப்பர் வேலை காலியாக இருந்தது எனக்குத் தெரியும். எந்த ஸ்ராண்ட் என்று சொன்னால் அங்கே உள்ள கொண்டக்டர்மார் இப்போதும் என்னைச் சும்மா விட மாட்டார்கள், ஆகையால் சொல்லவில்லை. தனியார் பஸ்காரர்களின் சங்கம் ஆள் தேடிக்கொண்டிருந்தது. எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று எழுத வேண்டும், மைக்கில் அறிவிக்க வேண்டும். மூன்று பேர் வந்து மூன்று பேரும் ஒரு மாதத்துக்குள் ஓடிப்போனார்கள். நான் இதைப் பகிடியாகத்தான் சொன்னேன். அக்கா பகிடியாக எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதலாளி விசயம் கேள்விப்பட்டுச் சம்பளத்தைக் கூட்டித் தருகிறேன் என்றார். “வீட்டில ராணி மாதிரி இருக்கிறியள். அந்தத் தூசிக்கையும் சத்தத்துக்கையும் என்னத்துக்கு?” என்று கேட்டாராம். பிரான்சில் இருந்த தம்பி, ஆம்பிளையள் அடிபடுகிற இடம், குடும்பத்துக்குச் சரிவராது என்றார். இவை இரண்டும் அக்காவைத் தொடவில்லை. அவரைப் பிடித்து வைத்தது வேறு. கேற்றடியில் நின்று நான் கோல் எடுத்தபோது ஒரு நாள் சொன்னார்: “இஞ்ச நான் ஒரு ஆள் தம்பி. கிழவியள் என்னைக் கேட்டு எடுக்குதுகள். அங்க போய் நாலு பேருக்கு முன்னால நிண்டு வாய் திறக்கேலாமப் போச்செண்டால், பிறகு நான் எங்கயும் ஆள் இல்லை. திரும்பி வந்து இந்தக் கதிரையிலயும் இருக்கேலாது.”

பயம் அதுதான். “யோசியுங்கோ” என்று சொல்லிவிட்டு வந்தேன். புத்தி சொல்லுகிற அளவுக்கு எனக்கு என்ன இருக்கிறது?

காலையில் அவருக்கு வேலை இல்லை. ஆகவே மூன்று நாள் காலை சைக்கிளில் போய், அந்த பஸ் ஸ்ராண்டில் சனம் உட்கார்ந்து காத்திருக்கிற வாங்கில் ஒரு ஓரமாக இருந்து பார்த்திருக்கிறார். ஒரு கொப்பியில், எந்த பஸ்ஸை எத்தனை மணிக்கு ‘இந்தா எடுக்கப்போகுது’ என்று சொன்னார்கள், அது உண்மையில் எத்தனை மணிக்கு வெளிக்கிட்டது என்று எழுதினார். கொண்டக்டர்மாரைக் குறை சொல்லக்கூடாது. இருபத்தைந்து நிமிடம் இருக்கு என்றால் சனம் இறங்கிப்போய் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடும். அதனால் ஆள் ஏறின நேரம் தொடங்கி ‘இந்தா, இந்தா’ என்பார்கள். ட்ரைவர் எஞ்சினை உறுமவிட்டுப் பஸ்ஸை ஒரு முழம் முன்னுக்கு எடுத்து ஒரு முழம் பின்னுக்கு விடுவார். நாங்கள் எல்லோரும் வேர்த்துக்கொண்டு உள்ளே இருந்து பழகினவர்கள்.

மூன்றாம் நாள் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி கிளினிக் கொப்பியோடு வந்து அக்காவின் முகத்தைப் பார்த்து, “இது எப்ப எடுக்கும் அக்கா?” என்று கேட்டிருக்கிறாள். அக்காவுக்கு வாய் வரவில்லை. கொண்டக்டர், “இந்தா தங்கச்சி, ஏறும், ஏறும்” என்று ஏற்றிவிட்டார். பஸ் அந்த வெயிலுக்குள் நாற்பது நிமிடம் நின்றது. அவள் தலையைச் சுற்றுகிறது என்று ஜன்னலில் சாய்ந்துகொண்டு இருந்ததை அக்கா வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்று பின்னேரம் எனக்குக் கோல் வந்தது. “தம்பி, எனக்குத் தெரியும், அது எப்ப வெளிக்கிடும் எண்டு. கொப்பியில எழுதியிருந்தனான். தெரிஞ்சும் சொல்லேல்லை. எனக்கு என்னில சரியான கோவம். நான் அங்க போறன்.”

உடனே போகவில்லை. இங்கிலாந்து வேலைக்குப் புதிதாக வந்த பிள்ளைக்கு ஒரு மாதம் ரெலிபோனில் பழக்கிக் கொடுத்தார். எந்தக் கிழவிக்குக் காது கேளாது, எந்தப் பெடியன் பசியோடு வேலை செய்வான் என்பதெல்லாம் எழுதி அனுப்பினார். கடைசி நாள் அந்தப் பெடியங்கள் ஒவ்வொருவராக எடுத்தார்களாம். அந்த முறை லைன் வெட்டவில்லை.

பஸ் ஸ்ராண்டில் அவருடைய முதல் நாள் நான் வேலைக்குப் போகவில்லை. தேத்தண்ணிக் கடையில் தூணுக்கு மறைவாக நின்றேன். ரைம்கீப்பர் அறை ஒரு பெட்டிக்கடை அளவுதான் இருக்கும். அக்கா உள்ளே கதிரையைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப்போட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். பிறகு மைக்கில் அந்தக் கச்சேரிக் குரல் வந்தது.

“முல்லைத்தீவு போற ஆக்களுக்குச் சொல்லுறன். பஸ் ஒன்பது இருபதுக்குத்தான் வெளிக்கிடும். இன்னும் இருபத்தைஞ்சு நிமிசம் கிடக்கு. வெயிலுக்குள்ள இருக்க வேண்டாம். தேத்தண்ணி குடிச்சிட்டு வரலாம்.”

ஸ்ராண்டில் ஒரு நிமிடம் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு பஸ்ஸில் இருந்து ஒரு கிழவர் இறங்கினார். அவருக்குப் பின்னால் இன்னும் எட்டுப் பேர். முல்லைத்தீவு பஸ் கொண்டக்டர் மலை மாதிரி ஒரு ஆள். முன்பிருந்த மூன்று ரைம்கீப்பர்மாரில் இரண்டு பேரை ஓடவைத்த பெருமை அவருக்கு. வந்து ஜன்னல் கம்பியில் அடித்தார்.

“என்ன அக்கா, எங்கட சோத்தில மண் போடுறியளோ?”

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு, “ரைம் ஒன்பது இருபதுதானே” என்றார்.

“அதை எனக்குச் சொல்லுங்கோ. சுவருக்குச் சொல்லாதேங்கோ. என்ர முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ பாப்பம்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா எழும்பவில்லை. அந்த அறைக்குப் பின்கதவு ஒன்று இருந்தது. சைக்கிளும் அந்தப் பக்கம்தான் நின்றது. முன்பிருந்த ரைம்கீப்பர்மார் அதால்தான் போனவர்கள். நான் ஒன்றும் செய்ய முடியாமல் வெறும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அக்கா எழும்பினார். மைக்கை நிறுத்தினார். முன்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, அந்த மனிதருக்கு முன்னால் நின்றார். முதலில் அவருடைய சட்டைப் பொத்தானைத்தான் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தினார். குரல் நடுங்கவில்லை.

“ஒன்பது பேர் இறங்கினவை. ஒன்பது பேரும் வருவினம்.”

“வராட்டி?”

“வராட்டி நாளைக்கு நான் வரேல்லை.”

அந்த இருபது நிமிடம் அவர் உள்ளே போகவில்லை. பஸ் வாசலில், வெயிலில், கொண்டக்டருக்குப் பக்கத்தில் நின்றார். ஒன்பது பத்துக்குக் கிழவர் வந்தார். பிறகு இரண்டு பெண்கள், ஒரு பள்ளிக்கூட வாத்தியார். ஒன்பது பதினெட்டுக்கு ஒன்பது பேரும் ஏறியிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் ஐந்து பேர் வந்தார்கள். வேறு பஸ்ஸுக்கு நின்றவர்கள். நேரம் சரியாகத் தெரிந்ததால் இதற்கு வந்தவர்கள். கொண்டக்டர் எண்ணிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். ஒன்பது இருபதுக்கு விசில் ஊதினார்.

அக்கா அறைக்குத் திரும்பத்தான் பார்த்தார். சனம் விடவில்லை. மன்னார் பஸ் எப்ப அக்கா, கிளிநொச்சிக்கு அடுத்தது எப்ப, பிள்ளைக்கு மருந்து வாங்கிக்கொண்டு வர நேரம் கிடக்கோ என்று ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். அவர் ஒவ்வொருவராகத் திரும்பி, முகத்தைப் பார்த்து, உள்ள நேரத்தைச் சொன்னார். நான் தூணை விட்டு வெளியே வந்து கையைத் தூக்கினேன். அவருடைய பார்வை என் பக்கம் வந்தது, என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் குழந்தையோடு நின்ற ஒருத்தியிடம் போனது. “உங்களுக்கு எங்க போக வேணும் பிள்ளை?”

நான் கையை இறக்கினேன். முகம் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று ஒருமுறை பொய் சொல்லிக்கூட என்னைக் கூப்பிட்ட மனிசிக்கு, அன்று என்னைப் பார்க்க நேரம் இல்லை. என் சொந்த அக்கா பட்டம் வாங்கியிருந்தாலும் எனக்கு அவ்வளவு பெருமை வந்திராது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.